வாய்க்காலில் விழாத நாற்று முடி

எங்கள் வீட்டில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. அப்பா எதை எண்ணினாலும் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்று சொல்லித் தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கு அது நெல்லோடு நிற்கவில்லை. தேங்காய், நாற்று முடி, கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கும் நாற்காலி, பூதலூர் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் முதலில் லாபம்தான். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் டீச்சர் ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொன்னார். நான் லாபத்தில் தொடங்க, வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "டீச்சருக்கு நிலம் இல்ல போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவும் அம்மாவும் முதலில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பிறகு குத்தகைக்குப் பிடித்து, பிறகு கொஞ்சம் சொந்தமாக வாங்கினார்கள். சொந்த வயல் வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு எண்ணும் வியாதி முற்றிவிட்டது. கணக்கு நேராக வேண்டும். இங்கிருந்து புறப்பட்டது இவ்வளவு என்றால் அங்கே போய்ச் சேருவதும் அவ்வளவே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வீடு ரணகளம்.

நடவு நாளில் இது உச்சத்துக்குப் போகும். எங்களுக்கு இரண்டு நாற்றங்கால், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டி, பறிக்கிறவர்களே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். தெற்கிலிருந்து அம்மா கூடையில் சுமந்து வருவாள். வடக்கிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சுமந்து வருவாள். வயலுக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நின்று முடிகளை ஒவ்வொன்றாகச் சேற்றில் வீசுவார்கள். பொத், பொத் என்று விழும். வரப்பில் நின்று அப்பா உரக்க எண்ணுவார்.

அம்மா மட்டும் சுமக்கும் நாளில் கணக்கு சரியாக இருக்கும். அத்தையும் சேர்ந்தால் எட்டோ பத்தோ குறையும். வேறென்ன விசாரணை வேண்டும்? குற்றவாளி அத்தைதான். வழியில் வாய்க்கால் இருக்கிறது, அத்தை நடக்கும்போதே வாய் பேசும், பேசும்போது கை ஆடும், ஆகவே முடி வாய்க்காலில் விழுந்திருக்கும். தேடி எடுத்து வர என்னைத்தான் விரட்டுவார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் மதகு வரைக்கும் துழாவியிருக்கிறேன். செருப்பு கிடைத்திருக்கிறது. ஒரு தடவை நல்ல பிளாஸ்டிக் குடம்கூடக் கிடைத்தது. நாற்று முடி மட்டும் ஒரு வருஷமும் கிடைக்கவில்லை.

"நான் விடலண்ணே" என்று அத்தை ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். "அப்ப எண்ணிக்கை பொய் சொல்லுதா?" என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் கேட்பார். அத்தை காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நடைக்குப் போய்விடுவாள்.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஓட்டைக்கை. காது குத்தில் பால் சொம்பை அத்தையிடம் கொடுக்க மாட்டார்கள். பந்தியில் சாம்பார் வாளியைத் தொட விடமாட்டார்கள். அத்தை சிரித்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொள்வாள். நான் பிளஸ் ஒன் படித்தபோது, அத்தை சுமப்பதையே நிறுத்திவிட்டு நாற்றுப் பறிக்க உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒருத்தியே இரண்டு நாற்றங்காலிலிருந்தும் சுமந்தாள். அந்த வருஷத்திலிருந்து கணக்கு டாணென்று நேராகிவிட்டது. பிறகு என்ன, தீர்ப்பு உறுதியாகிவிட்டது. இதில் ஒன்றை மட்டும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. அத்தனை வருஷமும் எட்டும் பத்துமாக நாற்று காணாமல் போயும், ஒரு வருஷமாவது வயலில் நாற்று பத்தாமல் போனதில்லை. படித்தவள் என்று பெயரெடுத்த நானும் யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். கடைசிப் பருவம் முடியும் முன்னாலேயே பாபநாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றிலும் பாஸ் என்றால் ஜூனில் வந்து சேரலாம், ஒன்றில் போனாலும் கிடையாது. அப்பா இதில் முதல் பாதியை மட்டும் டீக்கடையில் அறிவித்துவிட்டார். தெருவே என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எழுத்துத் தேர்வுகள் முடிந்து, மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும்தான்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்க வேண்டும். எந்தச் சோதனை வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். எனக்கு வந்தது கெய்கர் கவுண்டர். அதன் டெட் டைம் கண்டுபிடி என்றது சீட்டு. அந்தக் கருவியின் குழாய் வருஷம் பூராவும் ரிப்பேரில் இருந்தது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால்தான் பழைய குழாய் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பொருத்தியிருந்தார்கள். நாங்கள் அத்தனை பேரும் ரெக்கார்டில் அதை, முந்தின வருஷத்து அக்கா ஒருவரின் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள். அந்த அக்கா யாரைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. சூத்திரம் எனக்கு மனப்பாடம். அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது.

கெய்கர் குழாய் வேறொன்றுமில்லை, கதிர்வீச்சை எண்ணுவது. ஒரு துகள் உள்ளே நுழைந்தால் குழாயில் ஒரு துடிப்பு வரும், பெட்டி அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். சோதனையும் சுலபம்தான். கதிர்வீசும் சின்ன வில்லை இரண்டு கொடுப்பார்கள். முதலில் ஒன்றை மட்டும் குழாய்க்குக் கீழே வைத்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பிறகு அதை எடுக்காமல் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டும். பிறகு முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மட்டும்.

வைத்தேன். முதல் வில்லைக்கு 18,600. இரண்டும் சேர்ந்து 34,495. இரண்டாவது மட்டும் 18,000.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டாயிரத்து அறுநூறும் பதினெட்டாயிரமும் முப்பத்தாறாயிரத்து அறுநூறு. பெட்டியோ இரண்டாயிரத்து நூற்றைந்தைக் காணோம் என்கிறது. திரும்ப எண்ணினேன், ஏறக்குறைய அதே குறை. மூன்றாவது தடவையும் அப்படியே. ஜன்னலோரம் நின்றிருந்த லேப் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, இது கம்மியா காட்டுதே?"

அவர் இருபது வருஷமாக அந்த லேபில் இருப்பவர். "பழைய டியூபு தங்கச்சி. கூட்டம் ஜாஸ்தியானா கொஞ்சம் முழுங்கும்" என்றார்.

மொத்தப் பாடத்தையும் அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் ஏறவில்லை. பழைய டியூப் என்பது மட்டும் காதில் விழுந்தது. கருவி கெட்டுப் போயிருக்கிறது, இந்தக் கணக்கை அப்படியே எழுதினால் நான் ஃபெயில் என்று முடிவு கட்டிவிட்டேன். டீக்கடையும் தெருவும் கண் முன்னால் வந்தன. அப்புறம் என் கை அப்பாவின் மகள் செய்ய வேண்டியதைச் செய்தது. மூன்று தடவை எண்ணியதை எழுதியிருந்த ரஃப் ஷீட்டை மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் திணித்தேன். விடைத்தாளில் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கையைக் கணக்கு நேராகும்படி போட்டேன். அச்சாக 36,600 என்று போட்டால் சந்தேகம் வரும் அல்லவா? இயற்கையாக இருக்கட்டும் என்று பன்னிரண்டைக் கூட்டி 36,612 என்று எழுதினேன். அந்தப் பன்னிரண்டைப் பற்றி எனக்கு அப்போது ரொம்பப் பெருமையாக இருந்தது.

தனித்தனியாக எண்ணியதன் கூட்டலிலிருந்து சேர்த்து எண்ணியதைக் கழிக்கச் சொன்னது சூத்திரம், அப்படிப் போட்டால் விடைக்கு முன்னால் மைனஸ் வந்தது. கழித்தலைத் திருப்பிப் போட்டு மைனஸை ஒழித்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். மதியச் சாப்பாடு வந்துவிட்டது. வஞ்சிரம் வறுவல் வாசனை பக்கத்து அறையிலிருந்து லேப் முழுக்கப் பரவியிருந்தது. எங்கள் துறை மேடம், "சார், சூடா சாப்ட்டுட்டு வந்து பாக்கலாமே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். "இந்தப் பொண்ணு ஒண்ணுதானே, முடிச்சிடுவோம்" என்று தேர்வாளர் என் தாளை எடுத்தார். நான் அந்த மீனை மனசார வேண்டிக்கொண்டேன், எப்படியாவது இவரை இழுத்துக்கொண்டு போய்விடு என்று.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, இந்தக் கருவி எத்தன எண்ண வேண்டியது, எத்தன எண்ணியிருக்கு?"

"பன்னெண்டு கூட எண்ணியிருக்கு சார்."

"கூட எப்படி எண்ணும்? இனிமே வரப்போற துகளையும் சேத்து எண்ணிருச்சா?"

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்தச் சோதனைய பாக்கறேன். கழித்தலத் தலைகீழாப் போட்ட ஒரே ஆள் நீதான்" என்றார். குரலில் கோபம் இருந்தது. "ரஃப் ஷீட் எங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் முதல் வரிசையில் நின்றுவிட்டார்.

"இது என்ன, வரிசை எண்ல 'லா'ன்னு போட்டிருக்கே? லா, ரெண்டு, மூணு?"

பதற்றத்தில் என்னை அறியாமல் எழுதியிருக்கிறேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. "லாபம் சார். எங்கப்பா அப்படித்தான் எண்ணுவாரு. நெல்லு அளக்கறாப்பல" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "நமக்கும் திருப்பனந்தாள் பக்கம்தான். எங்க வீட்லயும் ஒண்ணு கெடையாது" என்றார். பிறகு மறுபடியும் தேர்வாளர் ஆனார். "இந்தா பாரும்மா. நீ செஞ்சது தப்பு. இதுக்கு நான் முட்டை போட்டா யாரும் கேக்க முடியாது. இந்த ரஃப் ஷீட்ல இருக்கறதுதான் சோதனை, தாள்ல இருக்கறது கதை. மூணு தடவையும் ரெண்டாயிரத்துச் சொச்சம் குறையுது. அது எங்க போச்சு? யோசிச்சுச் சொல்லு. சொன்னா திருப்பி எழுத விடறேன். சொல்லலேன்னா நான் சாப்பிடப் போறேன்."

கவுண்டரை யாரும் அணைக்கவில்லை. வில்லை எதுவும் இல்லாமலே, காற்றிலும் சுவரிலும் எப்போதும் இருக்கிற கொஞ்சநஞ்சக் கதிர்வீச்சுக்கு அது எப்போதாவது ஒரு தடவை டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. டிக். கொஞ்ச நேரம் கழித்து டிக். இப்படி நிதானமாக வந்தால் அப்பாகூட விடாமல் எண்ணிவிடுவார் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் விழுந்தால்தான்...

வரப்பில் அப்பா நிற்கிறார். அம்மா ஒரு முடியை வீசுகிறாள். அப்பா "நூத்தி நாப்பத்தேழு" என்கிறார். அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது! அந்த நேரத்துக்குள் முதுகுக்குப் பின்னால் அத்தையின் முடி பொத்தென்று விழுகிறது. அது அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அம்மா மட்டும் வீசினால் அப்பா சொல்லி முடிக்கும் வரை கையில் முடியோடு காத்திருப்பாள். இரண்டு பேரும் வீசினால் யார் யாருக்காகக் காத்திருப்பது?

"சார், அது வாய்க்கால்ல விழல" என்றேன்.

"எதும்மா?"

"முடி சார். நாத்து முடி. இல்ல சார், துகள். தொலையல சார். எல்லாம் வந்து சேந்துருச்சு. எண்றவருக்குத்தான் தெரியல. ஒண்ண எண்ணிட்டிருக்கையில இன்னொண்ணு வந்தா அவருக்குத் தெரியாது. எங்கத்தை மேல தப்பே இல்ல சார்!"

கடைசி வரியைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தேர்வாளர் என்னைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். வஞ்சிரம் ஆறியது. நான் இரண்டு நாற்றங்காலையும் அத்தையையும் சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து, "உங்கப்பாவோட டெட் டைம், அதான் ஒண்ண எண்ணிட்டு அடுத்ததப் பாக்கற வரைக்கும் ஆகற நேரம், எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"லாபத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒண்ணும் இல்ல சார். நூறத் தாண்டினா ஒரு விநாடிக்குக் கம்மி இல்ல."

"இந்தக் குழாய்க்கு?"

அரை மணி நேரம் கொடுத்தார். உண்மையான எண்களை வைத்துச் செய்தேன். ஒரு விநாடியைப் பத்தாயிரமாகப் பங்கு வைத்தால் அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு. அவ்வளவு நேரம்தான் அந்தக் குழாய் கண்ணை மூடுகிறது. அந்த நேரம் தெரிந்துவிட்டால் தவறவிட்டதையெல்லாம் கணக்குப் போட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடுவேன் என்று கருவி ஒத்துக்கொண்டால் போதும். பொய் எழுதியதற்காக நிறைய மார்க்கைக் குறைத்துவிட்டு, பாஸுக்கு மட்டும் போட்டுவிட்டு, ஆறின மீனைச் சாப்பிடப் போனார்.

வேலை கிடைத்தது. ஆனால் சந்தோஷம் அரைகுறையாகத்தான் இருந்தது. வாய்க்காலில் துழாவிக்கொண்டே நானும் எத்தனை தடவை "ஏன் அத்தை இப்படி வுட்டுட்டு வரீங்க" என்று கேட்டிருக்கிறேன்! கருவிக்குப் போட்ட கணக்கை அப்பாவுக்குப் போடாமல் விடக்கூடாது என்று நினைத்தேன்.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியது. நடவு ஞாயிற்றுக்கிழமை வரும்படி பார்த்துக்கொண்டேன். அத்தையைச் சுமக்கக் கூப்பிட்டபோது, "எதுக்கு, உங்கப்பா வாயில விழறதுக்கா?" என்றாள். டீச்சர் கூப்பிடுகிறேன் என்று அதட்டியதும் வந்தாள்.

அம்மாவுக்கு நூற்றைம்பது முடி, அத்தைக்கு நூற்றைம்பது முடி என்று பறிக்கிற இடத்திலேயே நானே எண்ணிவைத்தேன். முதல் வயலில் அத்தையை மட்டும் வீசச் சொன்னேன். அப்பா எண்ணினார். நூற்றைம்பது. அப்பா நம்ப முடியாமல் கூடையை எட்டிப் பார்த்தார். அடுத்த வயலில் அத்தைக்கு மறுபடி அதே அளவு எண்ணிக் கொடுத்து, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் நின்று சேர்ந்து வீசச் சொன்னேன். பொத்பொத்தென்று விழுந்தது. அப்பா தொண்டை கிழியக் கத்தி முடித்தது இருநூற்று எண்பத்தேழில்.

"பாத்தியா!" என்றார் வெற்றியோடு. கை தானாக வாய்க்கால் பக்கம் நீண்டது. "பதிமூணு. இவ கால் வச்சாலே..."

"எறங்கி எண்ணுங்கப்பா" என்றேன்.

"எதுக்கு?"

"எறங்கி எண்ணுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, இறங்கினார். சேற்றில் கிடந்த முடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். லாபத்தில் தொடங்கியபோது குரல் வீதிக்குக் கேட்டது. இருநூறைத் தாண்டியதும் இறங்கியது. இருநூற்று எண்பத்தேழைத் தாண்டியபோது வாய் மட்டும் அசைந்தது. முந்நூறில் நின்றார். அப்படியே முழங்கால் சேற்றோடு நின்றார். நடவுக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரப்பேறி வாய்க்காலில் காலைக் கழுவினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அத்தையை நிமிர்ந்து பார்க்காமலே, "வாய்க்கால்ல ஒண்ணும் விழல" என்றார்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள் அத்தை.

அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே ஒருத்தர் வீசி முடிச்சப்புறம் ஒருத்தர் வீசுங்க. எனக்கு ரெண்டு பக்கமும் பாக்க முடியாது" என்றார். அப்பா முடியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அம்மா அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்தா, எல்லாருக்கும் டீ ஊத்து" என்று தளும்பத் தளும்ப இருந்த பெரிய தூக்கை அத்தையின் கையில் கொடுத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அத்தையை நம்பிக் கொடுத்த முதல் பாத்திரம். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். சந்தோஷத்தில் என்னைப் பார்த்து என்னமோ சொல்லத் திரும்பினாள். வரப்பு வழுக்கியது. தூக்கு கவிழ்ந்து, அத்தனை டீயும் வாய்க்காலோடு போய்விட்டது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா, தண்ணீரில் பழுப்பாகக் கரைந்து போகிற டீயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார்.

"லாபம்" என்றார்.

அத்தைதான் முதலில் சிரித்தாள்.